முழங்கைக்கு அடியில்

ஜனவரி 6, திங்கள்

மிஸ், இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கணும். சாயங்காலமே எழுதிவிடச் சொன்னீர்கள். ஆதிரை தூங்கினால்தான் எனக்கு இரண்டு கையும் ஒழிகிறது. இப்போது மணி பதினொன்றே முக்கால். கையெழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

"போன்ல அனுப்பாதீங்க. போன்னா நல்லா வந்த வீடியோவை மட்டும்தான் அனுப்புவீங்க. நோட்டுல எழுதுங்க" என்றீர்கள். சனிக்கிழமைதோறும் வாசித்துப் பச்சை மையில் பதில் எழுதுவதாகவும் சொன்னீர்கள். நான் பி.எஸ்சி. கணிதம் முடித்து ஒன்பது வருஷமாகிறது. அதற்கப்புறம் யாரும் என்னை எதையும் எழுதச் சொன்னதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகப் போனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி சென்டரில் நீங்கள் கொடுத்த டேப்லெட்டைக் காட்டித் தந்தபடியே சக்கர நாற்காலியின் முன்பலகையில் மாட்டினேன். முதல் பக்கத்தில் பன்னிரண்டு கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு படம். தொட்டால் அது பேசும். அடுத்த பக்கத்தில் எழுத்துகள். ஓர் எழுத்தைத் தொட்டால் அது ஒலிக்கும், அதில் தொடங்கும் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும், வேண்டியதைத் தொட்டால் முழுசாகச் சொல்லிவிடும். விரல் வழுக்காமலிருக்க மேலே ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு. எல்லாம் எனக்குப் புரிந்தது. ஆதிரைக்கும் புரியும். ஏழு வயசு. இரண்டு வருஷமாக அட்டை வைத்து எழுத்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிறக்கும்போது மூச்சு முட்டியதில் பேச்சு வரவில்லை, கையும் காலும் அவள் சொன்னபடி கேட்பதில்லை, அவ்வளவுதான். இடப்பக்கம் போக நினைத்தால் கை வலப்பக்கம் பறக்கும்.

இன்று முழுக்க டேப் சொன்னது இதுதான்: பாத்ரூம், பாத்ரூம், தண்ணீர், பாத்ரூம். மூன்று தடவை அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒன்றுமில்லை.

எவ்வளவு நேரம்: 40 நிமிடம். சொன்ன சொல்: மேலே உள்ளது. உதவி: (முழு உதவி, பாதி உதவி, தானாக என்று மூன்று போட்டிருக்கிறீர்கள்) தானாக.

பிப்ரவரி 15 அன்று நீங்கள் பார்க்கும்போது ஆதிரை தானாகப் பயன்படுத்தினால் டேப் அவளுக்கே. இல்லையென்றால் வரிசையில் நிற்கும் அடுத்த பிள்ளைக்கு. ஆறு வாரம். காலண்டரில் வட்டம் போடவில்லை. போடாமலே கண்ணில் நிற்கிறது.

ஜனவரி 7, செவ்வாய்

பாத்ரூம், பதினொரு தடவை. உதவி: தானாக.

ஜனவரி 9, வியாழன்

மிஸ், இன்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலையில் வழக்கம்போல இட்லியைப் பாலும் சீனியும் விட்டுப் பிசைந்து ஊட்டினேன். முக்கால் மணி நேரம். பிறகு டேப். கை பறந்துபோய்ப் பலகையின் ஓரத்தில் இடித்து முட்டி சிவந்துவிட்டது. மறுபடி இடிக்காமலிருக்க அவள் முழங்கைக்கு அடியில் என் கையைக் கொடுத்தேன். தாங்கத்தான். கை அடங்கியது. மெதுவாக எழுத்துப் பக்கத்துக்குப் போனது. 'அ'வில் நின்றது. வந்த சொற்களில் ஒன்றைத் தொட்டது.

"அம்மா" என்றது டேப்.

"ஆதி, இன்னொருக்கச் சொல்லு" என்றேன். மறுபடி அம்மா. அப்புறம் பால், இட்லி, பிடிக்கும்.

ஏழு வருஷமாக அதைத்தானே கொடுத்து வருகிறேன். பிடிக்குமா பிடிக்காதா என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

நேரம்: 2 மணி. உதவி: தானாக. (கை வைத்தது அடிபடாமல் இருக்கத்தான். அதை உதவி என்று எழுதத் தோன்றவில்லை.)

ஜனவரி 12, ஞாயிறு

நேற்று நீங்கள் பச்சை மையில் எழுதியது: "நல்ல தொடக்கம். முழங்கைக்கு அடியில் கை, எவ்வளவு அழுத்தம்?" அழுத்தமே இல்லை மிஸ். பூவைத் தாங்குகிற மாதிரி.

ஆதிரையின் அப்பாவை நீங்கள் பார்த்ததில்லை. குஜராத்தில் காற்றாலை பழுது பார்க்கும் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். நாலு நாளைக்கு ஒரு போன், இரண்டு நிமிஷம். சாப்பிட்டியா, பிள்ளை எப்படி இருக்கா, சரி. அவரைக் குறை சொல்லவில்லை. அங்கே டவர் மேல் சிக்னல் இருக்காதாம்.

இன்று மத்தியானம் கூப்பிட்டபோது சொன்னேன்.

"பிள்ளை பேசுதாளா? என்னட்டி சொல்லுத, கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா?"

"நீங்களே கேளுங்க" என்று ஸ்பீக்கரில் போட்டு, ஆதிரையின் முழங்கையைத் தாங்கினேன். கை போனது.

"அப்பா. சாப்பிட்டீங்களா."

அந்தப் பக்கம் காற்று மட்டும் இரைந்தது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"சாப்பிட்டேன் தாயி. ரொட்டிதான். நீ சாப்பிட்டியா?"

இருபத்திரண்டு நிமிஷம் பேசினார். கல்யாணமான புதிதில்கூட அவர் இருபத்திரண்டு நிமிஷம் பேசியதில்லை. கூட வேலை பார்க்கிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, "எம் பொண்ணுடே, கேளு" என்று கேட்க வைத்தார்.

இன்னொன்று மிஸ். ஆதிரை இப்போதெல்லாம் டேப்பைப் பார்க்காமலே எழுதுகிறாள். மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டே ஒரு தப்பில்லாமல் எழுதுகிறாள். டைப்ரைட்டிங் முடித்தவர்கள் மாதிரி. ஆச்சரியமாக இல்லையா?

உதவி: தானாக.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். நாங்கள் மாடியில் இருப்பதால் கீழே இறங்குவது சனிக்கிழமை உங்களிடம் வர மட்டும்தான். ஆட்டோக்கார டேவிட் அண்ணன் வந்தால்தான் நாற்காலியைத் தூக்க முடியும். கீழ் வீட்டில் ஊருக்குப் போய்விட்டார்கள். குக்கரில் பொங்கல் வைத்தேன். பொங்கும்போது குலவை போட வாயைத் திறந்தேன். நான் ஒருத்தி மட்டும் போட்டால் ஒரு மாதிரி இருக்குமே என்று விட்டுவிட்டேன். விசில் வந்தது.

அவர் கூப்பிட்டார். ஆதிரை எழுதினாள்: "அப்பா எப்ப வருவீங்க. வீடு வெறிச்சுன்னு இருக்கு."

"வந்துருவேன் தாயி. மார்ச் ஒண்ணாந்தேதி டிக்கெட் போட்டுருதேன்."

என்னிடம் கேட்டால் "பாப்போம்" என்பார். ஆறு வருஷமாகப் பாப்போம்தான். ஆதிரையிடம் தேதியே சொல்லிவிட்டார்.

நேரம்: 1 மணி. உதவி: தானாக.

ஜனவரி 17, வெள்ளி

தண்ணீர் லாரி வராத நாள். துணி ஊற வைத்ததோடு சரி.

போனில் ஆதிரை: "டவர்ல ஏறும்போது கீழே பாக்காதீங்க அப்பா."

அவர் சிரித்தார். "ஏட்டி மதி, இது நீ சொல்லுததுல்லா? கல்யாணத்துக்கு முன்னால லெட்டர்லயே எழுதியிருக்கியே?"

"நான் சொல்லுததைக் கேட்டுக் கேட்டுப் படிச்சிருப்பா."

"அதுவும் சரிதான். எம்மா அறிவு!"

ஆமாம். என் பேச்சைத் தவிர அவள் வேறு யார் பேச்சைக் கேட்கிறாள்?

ஜனவரி 18, சனி

உங்கள் பச்சை மை: "வாக்கியங்கள் அழகாக இருக்கின்றன. கை உதவி எந்த அளவு? அடுத்த வாரம் ஒருநாள் கையை எடுத்துவிட்டு முயலவும்."

இரண்டு சனிக்கிழமையும் அதே கேள்வி. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், மறைக்கவில்லை. நடை பழகுகிற பிள்ளையின் கையை விட்டால் விழத்தானே செய்யும்? விழுந்ததைப் பார்த்துவிட்டு நடக்கத் தெரியாது என்று எழுதிக்கொள்வீர்களா?

ஜனவரி 19, ஞாயிறு

செண்பகம் வந்திருந்தாள். ஆதிரையின் அத்தை, அவருடைய தங்கை. ஜங்ஷனில் ஜவுளிக்கடையில் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறுதான் லீவு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சத்தம் வந்துவிடும்.

"எங்க மதினி எங்க மருமவ? அண்ணன் போன்ல அழுதாம்லா. டவர்ல ஏறி நின்னு அழுதா கீழ நிக்கவன் மழைன்னு நெனைக்கப் போறான்னேன்."

ஆதிரை "வாங்க அத்தை" என்று எழுதினாள். செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்ன மதினி, ஜங்ஷன்ல ரயிலு வண்டி வருதுன்னு சொல்லுத பொம்பளை மாதிரியே பேசுதா!" பிறகு ஆதிரையைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள்.

நான் காபி போடும்போது செண்பகம் ஆதிரையைச் சக்கர நாற்காலியோடு உள் அறைக்குத் தள்ளிக்கொண்டு போய் ஏதோ ரகசியம் பேசிவிட்டு வந்தாள்.

"மதினி, ஆதிகிட்டக் கேளுங்க. அத்தை உள்ள வச்சு என்ன காட்டுனேன்னு."

"ஆதி, அத்தை என்ன காட்டுனாவ?" முழங்கையைத் தாங்கினேன். கை கொஞ்ச நேரம் அலைந்தது. வழக்கத்தைவிட அதிக நேரம். பிறகு நின்றது.

"பூ" என்றது டேப்.

செண்பகம் என்னைப் பார்த்தாள். பிறகு ஆதிரையைப் பார்த்தாள். "ஆமா" என்றாள். "பூதான். கரெக்டா சொல்லிட்டாளே."

அப்புறம் அவள் அதிகம் ஜோக் அடிக்கவில்லை. நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

அவள் போன பிறகு உள் அறைக் கட்டிலில் நியூஸ்பேப்பரில் சுற்றின பொட்டலம் இருந்தது. பனங்கிழங்கு. எங்களுக்காகக் கொண்டுவந்திருக்கிறாள்.

அவள் தலையில் இன்று பூ இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். வைத்திருக்கலாம். கவனிக்கவில்லை. கிழங்கை அவித்தேன். நன்றாக இருந்தது. ஆதிரைக்கு நார் தொண்டையில் சிக்கும் என்று கொடுக்கவில்லை.

உதவி: 

ஜனவரி 20, திங்கள்

நேற்று கட்டத்தை நிரப்ப மறந்துவிட்டேன் போல. தானாக.

ஜனவரி 21, செவ்வாய்

டேப் எடுக்கவில்லை. தலைவலி.

ஜனவரி 22, புதன்

அவர் கூப்பிட்டார். "தாயி, அம்மா ஒன்னைய ஏசுதாளா? அடிக்காளா? சொல்லு, வந்து கேக்கேன்" என்று விளையாட்டாகக் கேட்டார்.

"அம்மா பாவம்" என்றது டேப்.

அவர் விளையாட்டை நிறுத்திவிட்டார். "மதி, கேட்டுட்டுதான் இருக்கியா? ரொம்பக் கஷ்டப்படுதியோ?" என்றார். "பிள்ளை சும்மா சொல்லுதா" என்றேன்.

எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. அவள் எழுதினதை நான் என்ன செய்ய முடியும்?

ஜனவரி 25, சனி

இன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நான் எப்படிப் பார்த்தேன் என்று எழுதுகிறேன்.

நீங்கள் டேப்பைத் திறந்து பன்னிரண்டு கட்டத்தை எடுத்துவிட்டு நாலு கட்டம் வைத்தீர்கள். பிடிக்குது, பிடிக்கல, இன்னும், போதும். பிறகு உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புப் பொத்தானை எடுத்து நாற்காலியில் அவள் இடக் கன்னத்துப் பக்கம் மாட்டினீர்கள். டேப்பில் வெளிச்சம் ஒவ்வொரு கட்டமாக நகரும். வேண்டிய கட்டத்துக்கு வரும்போது ஆதிரை தலையைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினால் அது பேசும்.

"அவளுக்குத் தலைதான் சொன்னபடி கேக்குது. கை இனி வேண்டாம்" என்றீர்கள்.

"அவ வாக்கியமே எழுதுதாளே மிஸ். மறுபடி நாலு படத்துக்குப் போகச் சொல்லுதீங்களே?"

நீங்கள் ஆதிரையின் கன்னத்தில் எச்சிலைத் துடைத்தீர்கள். பிறகு, "காந்திமதி, பதினஞ்சாந்தேதி நான் அவகூடத் தனியா உக்காருவேன். நீங்க வெளிய இருக்கணும்" என்றீர்கள். குரலில் கோபம் இல்லை.

மூன்று வாரம் பயிற்சிக்கு வெளியூர் போவதாகவும், 14-ம் தேதிதான் திரும்புவதாகவும் சொன்னீர்கள். நோட்டை விடாமல் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

ஜனவரி 27, திங்கள்

பொத்தான். ஒரு மணி நேரம். வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்தது. ஆதிரை ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 29, புதன்

சாயங்காலம் அவர் கூப்பிட்டபோது பொத்தானைக் கழற்றிவிட்டுக் கையைத் தாங்கினேன். இன்று ஒருநாள் மட்டும் மிஸ். வீட்டில் மூன்று நாளாகச் சத்தமே இல்லை. "அப்பா உங்க சத்தம் கேக்கணும் போல இருந்தது" என்று வந்தது. அவர், "எனக்கும்தான் தாயி" என்றார்.

உதவி: தானாக.

ஜனவரி 30, வியாழன்

கணக்குப் படித்தவளுக்கு இதைச் செய்து பார்க்க இவ்வளவு நாள் ஆகியிருக்க வேண்டாம்.

மத்தியானம் ஆதிரையை உட்கார வைத்து எழுத்துப் பக்கத்தைத் திறந்தேன். முழங்கைக்கு அடியில் கை. நான் ஓர் எழுத்தைச் சொல்ல, அவள் தொட வேண்டும். இருபது தடவை. பத்தொன்பது சரி.

பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதே நாற்காலி, அதே கை, அதே இருபது எழுத்து. டேப் சொல்லுவதைக் காதால் கேட்டு, சரியானதை மட்டும் மனசில் எண்ணினேன்.

ஒன்று.

ஒருவேளை அவள் களைத்துவிட்டாளோ என்று தண்ணீர் கொடுத்துவிட்டுக் கண்ணைத் திறந்துகொண்டு மறுபடி செய்தேன். இருபதும் சரி. ஆதிரை அப்போதும் ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தள்ளவில்லை மிஸ். சாமி சத்தியமாகத் தள்ளவில்லை. எனக்கே தெரியாமல் என் கை செய்திருக்கிறது.

பிறகு மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பினேன். நிரம்பி வழிந்து கீழ் வீட்டம்மா கத்தின பிறகுதான் அணைத்தேன்.

பிப்ரவரி 1, சனி

சென்டர் வரை போனேன். கை கால் பயிற்சி மட்டும் செய்துவிட்டுத் திரும்பினோம். நோட்டைப் பையில் வைத்தே கொண்டுபோய், வைத்தே கொண்டுவந்தேன். வேறு யார் கையிலும் கொடுக்க மனசில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

அவர் கூப்பிடும்போதெல்லாம் பிள்ளை தூங்குகிறாள் என்கிறேன். "இந்நேரத்துல என்ன தூக்கம்? டாக்டரைப் பாருட்டி" என்கிறார்.

பொத்தான்: 1 மணி. ஒன்றுமில்லை. அந்த "பூ" என் பூ. "வெறிச்சுன்னு இருக்கு" என்றதும் நான். "அம்மா பாவம்" என்றதும் நான்தான்.

அவள் மூன்று வாரமாகப் பேசுகிறாள் என்று வீட்டில் ஒரு சத்தம் இருந்தது. அது போனதும் முன்னைவிட அமைதியாக இருக்கிறது. முன்பாவது எனக்குப் பழகியிருந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

செண்பகத்துக்குப் போன் செய்தேன்.

"அன்னைக்கு நீ காட்டுனது என்ன?"

"எப்பம் மதினி?"

"தெரியாத மாதிரிப் பேசாத."

"பனங்கிழங்கு. சவத்த விடுங்க மதினி. நீங்க அன்னைக்குச் சிரிச்சிட்டிருந்தீங்க. நான் உங்களைச் சிரிச்சுப் பாத்தே எம்புட்டு நாளாச்சு தெரியுமா? அதான் பூன்னேன்."

"அண்ணன்ட்டச் சொன்னியா?"

"நான் ஏன் சொல்லுதேன்? அது உங்க சோலி" என்றாள். வீட்டில் யாரோ கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று அவரிடம் சொல்லிவிட்டேன். மார்ச் ஒண்ணாந்தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னார். ஆதிரைக்கென்று ஒரு பாவாடை எடுத்திருக்கிறாராம், கண்ணாடி வைத்துத் தைத்தது. "தாயிகிட்டக் கேளு, பச்சையா சிவப்பான்னு. கடைக்காரன் மாத்தித் தருவானாம்" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அது எதுவும் பிள்ளை எழுதினது இல்லை. என் கை. எனக்கே தெரியாம நடந்திருக்கு."

"என்ன சொல்லுத?"

மறுபடி சொன்னேன். கண்ணை மூடிப் பார்த்ததையும் சொன்னேன்.

காற்று இரைந்துகொண்டே இருந்தது. "அப்பம் அந்த 'சாப்பிட்டீங்களா'?" என்றார்.

"நான்தான்."

"'அம்மா பாவம்'?"

"அதுவும்."

"இங்க எல்லாப் பயகிட்டயும் போட்டுக் காட்டியிருக்கேன் மதி" என்றார். பிறகு, "சரி, ஏறணும்" என்று வைத்துவிட்டார்.

கீழே பாக்காதீங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் லைன் போய்விட்டது.

பிப்ரவரி 11, செவ்வாய்

போன் இல்லை. பொத்தான் 1 மணி. இல்லை.

பிப்ரவரி 12, புதன்

போன் இல்லை. நான் போட்டேன், மணி அடித்து நின்றது. டவரில் இருப்பார்.

பிப்ரவரி 13, வியாழன்

மிஸ், இன்று கொஞ்சம் சீக்கிரமாகவே எழுத உட்கார்ந்துவிட்டேன். மணி ஒன்பதுதான். ஆதிரை விழித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கையால் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே எழுதுகிறேன்.

காலையில் பால் இட்லி பிசைந்தேன். எனக்கு ஒரு தட்டில் இரண்டு இட்லியும் பூண்டுச் சட்னியும் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பொத்தானைக் கன்னத்துப் பக்கம் மாட்டினேன். நாலு கட்டம். வெளிச்சம் சுற்றத் தொடங்கியது. ஒரு வாய் ஊட்டிவிட்டு என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். இந்தக் கைகள் மேல் எனக்கு இப்போது நம்பிக்கையில்லை.

வெளிச்சம் அஞ்சு சுற்றோ ஆறு சுற்றோ சுற்றியது. ஆதிரையின் தலை ஆடியது, நின்றது, மெதுவாக இடப்பக்கம் திரும்பியது.

"பிடிக்கல."

தற்செயல் என்று நினைத்தேன். கட்டங்களை இடம் மாற்றி வைத்தேன். இன்னொரு வாய் ஊட்டினேன். மறுபடி கைமேல் உட்கார்ந்தேன். இந்த முறை ரொம்ப நேரம் ஆனது. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. உதவி செய்யலாமா என்று எனக்குத் தோள் வரை துடித்தது.

"பிடிக்கல."

மூன்றாவது தடவையும் இடம் மாற்றினேன். மூன்றாவது தடவையும் அதுவே. நாலில் ஒன்று, அதில் நாலில் ஒன்று, அதிலும் நாலில் ஒன்று. தற்செயலாக வர அறுபத்து நாலில் ஒரு வாய்ப்புதான் இருக்கிறது மிஸ். இந்தக் கணக்கை என் கை போடவில்லை.

ஏழு வருஷமாக என் பிள்ளைக்குப் பால் இட்லி பிடிக்காது.

"பின்ன என்னட்டி வேணும் உனக்கு?" என்று கேட்டேன். அதற்கு அந்த நாலு கட்டத்தில் பதில் இல்லை. ஆனால் அவள் பார்த்தாள். நான் சாப்பிடும்போதெல்லாம் ஆதிரை என் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். என் மேல் அவ்வளவு பிரியம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இன்று தலையைக் கொஞ்சம் சாய்த்து அவள் கண் போகிற வழியில் பார்த்தேன். நேராகத் தட்டுக்குப் போகிறது. சட்னிக்கு.

காரம். புரை ஏறினால் என்ன செய்வது, தனியாக இருக்கிறேன், கீழ் வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்றெல்லாம் ஓடியது. தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரல் நுனியில் தொட்டு அவள் நாக்கில் வைத்தேன். முகம் சுருங்கியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது, மூக்கு ஒழுகியது, இருமினாள். "ஐயோ, வேண்டாம் வேண்டாம்" என்று தட்டைத் தள்ளிவிட்டு முதுகைத் தட்ட ஓடினேன்.

தலை திரும்பியது. வேகமாக. பொத்தான் நாற்காலியில் இடித்துச் சத்தம் கேட்டது.

"இன்னும்" என்றது டேப்.

அழுதுகொண்டே சிரித்தாள் மிஸ். இரண்டு இட்லியும் என் தட்டிலிருந்து போனது. பதினாறு தடவை இன்னும், ஒரு தடவை போதும். எனக்குச் சாப்பிட மிச்சம் பால் இட்லிதான் இருந்தது. சாப்பிட்டுப் பார்த்தேன். நல்லாத்தான் இல்லை.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அவருக்குப் போட்டேன், எடுக்கவில்லை. செண்பகத்துக்குக் கடையில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். மொட்டை மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டேன். அடுத்த வீட்டு மாடியில் ஒரு பெண் வடாம் பிழிந்துகொண்டிருந்தாள். இதற்கு முன் நாங்கள் பேசினதில்லை. "எம் பிள்ளை காரச் சட்னி கேட்டா" என்றேன். அவள், "ஆங், சரிக்கா" என்றாள். ஒன்றும் புரிந்திருக்காது.

நோட்டில் சில இடங்களைத் திருத்தியிருக்கிறேன். ஜனவரி 9 முதல் 29 வரை 'தானாக' என்று எழுதின இடத்தையெல்லாம் அடித்து 'முழு உதவி' என்று போட்டிருக்கிறேன். அடித்தது தெரியட்டும் என்று அழிக்கவில்லை. 6, 7-ம் தேதிகளில் 'பாத்ரூம்' என்று வந்ததை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். அது அவளுடையதுதான்.

எவ்வளவு நேரம்: 1 மணி 10 நிமிடம். சொன்ன சொல்: பிடிக்கல (3), இன்னும் (16), போதும் (1). உதவி: தானாக.

கடை விட்டு வந்த செண்பகத்திடம் போனில் பேசிவிட்டேன். நாளைக் காலை அவள் வேலைக்குப் போகிற வழியில் இதை வாங்கிக்கொண்டுபோய் உங்கள் சென்டரில் கொடுத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் திரும்பும்போது வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை நீங்கள் சொன்னபடி நான் வெளியில் இருப்பேன். ஜன்னல் பக்கம்கூட வரமாட்டேன். எழுத்துப் பக்கத்தில் வாக்கியம் எழுதின பிள்ளை என்று நினைத்து வந்திருப்பீர்கள். அவள் நாலு கட்டத்தில் சட்னி கேட்கிறவள். டேப் எங்களிடம் இருக்க அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. போதாதென்றாலும் அந்தப் பொத்தானை மட்டுமாவது விட்டுவைக்க முடியுமா? அவள் அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது, இனி சொன்னால் நம்புவாரா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை வரை என்னால் காத்திருக்க முடியாது மிஸ். பச்சை மை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வாசித்ததும் ஒரு வரி எழுதிச் செண்பகத்திடம் கொடுத்தனுப்புங்கள். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.